ஊவாவின் இரு துருக்கள்

பதுளையிலிருந்து பசறை வழியாக மேலேறிச் செல்லும் பாதையின் ஒரு கிளை மடுல்சீமைக்குப் போகிறது. 1869ஆம் ஆண்டில் அங்கிருந்த கோப்பித் தோட்டமொன்றில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படர்ந்திருப்பது கண்டறியப்பட்டது. தொட்டால் விரலில் ஒட்டியது. இரும்பில் படரும் துருவை அப்படியே ஒத்திருந்ததால் அந்த நோய்க்கு இலைத்துரு என்றே பெயர் வாய்த்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ் அதன் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். பூஞ்சண ஆய்வில் பெரும்பெயர் பெற்றிருந்த பாதிரியார் பெர்க்லி அதே ஆண்டில் அதற்கு ‘ஹெமிலெயா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் சூட்டினார். இலத்தீனில் இரண்டாவது சொல்லுக்குப் பாழாக்குவது என்று பொருள். பெயர் பொய்க்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பித் தொழில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. இடையில் சில காலம் சிங்கோனா மரப்பட்டை கைகொடுத்தது. 1886இல் ஒன்றரைக் கோடி இறாத்தலுக்கு மேல் ஏற்றுமதியானது. அளவுக்கு மிஞ்சிப் பட்டை சந்தைக்கு வந்ததால் விலை விழுந்து அதுவும் அடங்கியது. அதன்பின் மலையெங்கும் தேயிலை.

மலையக வரலாற்றை எழுதுவோர் அனைவரும் இந்தக் கதையைத் தொட்டுச் செல்வர். நானும் பத்திரிகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். இம்முறை சொல்ல விரும்புவது ஊவாவின் மற்றொரு துருவைப் பற்றி. அது இலையில் படர்ந்ததன்று, இரும்பில் படர்வது. யாழ்ப்பாணத்தார் ‘கறள்’ என்பார்களே, அது. முதல் துரு கொண்டுவந்து சேர்த்த பயிர் தேயிலை. அந்தத் தேயிலையின் கழிவிலிருந்து எடுக்கும் சாறு, அமிலம் உருக்கை அரிப்பதைத் தடுக்க வல்லது என்று இன்றைய ஆய்வுகள் கூறுகின்றன. தேயிலைச் சாறு, கோப்பித் தூள், மாம்பழத்தோல், தோடம்பழத்தோல், மிளகு என இவ்வகை ஆய்வுக் கட்டுரைகள் கடந்த கால் நூற்றாண்டில் மலைபோல் குவிந்துவிட்டன. அவற்றில் பலவற்றைப் படிக்கும்போது இது நேற்றுத்தான் கண்டுபிடிக்கப்பட்டது போன்ற தோற்றம் உண்டாகிறது. உண்மையில் இந்த அறிவு மிகப் பழையது. நம்முடைய தகரக் கூரைகளின் கதையோடும் அது பின்னிக் கிடக்கிறது.

இரும்புக்கும் ஊவாவுக்கும் உள்ள உறவைத் தேயிலையிலிருந்து தொடங்கினால் போதாது. ஊவாவின் தென்மேற்கு எல்லைக்கு அப்பால், சப்ரகமுவ மாகாணத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம் இருக்கிறது. அணை கட்டுவதற்கு முன் அப்பகுதியை ஆராய்ந்த தொல்லியலாளர் கில் ஜூலெஃப், காற்றை நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகப் பழைய உலைகளின் எச்சங்களைக் கண்டார். துருத்தி ஊத ஆள் தேவையில்லாத உலைகள் அவை. தென்மேற்குப் பருவக்காற்று மலைமேட்டில் மோதிப் பாயும் விசையே துருத்தியின் வேலையைச் செய்தது. 1994இல் அதே முறையில் உலை கட்டி, காற்று வீசும் மாதங்களில் எரித்துப் பார்த்தார். கரிமம் மிகுந்த தரமான உருக்கே கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ இதழில் அந்த முடிவு வெளிவந்தபோது உலகத் தொல்லியலாளர் வியந்தனர். அந்த உலைகள் கி.பி. 7 முதல் 11 வரையான நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

இதில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. மலையின் மேற்குப் புறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குவதும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். யூலை முதல் செப்டெம்பர் வரை அந்த வறட்டுக் காற்றில் வாடி வளரும் கொழுந்துக்குத் தனி மணம். ‘ஊவாப் பருவம்’ என்று உலகத் தேயிலைச் சந்தை காத்திருந்து வாங்குவது அதைத்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உருக்கு வடித்த காற்றே இன்று தேயிலைக்கு மணம் ஏற்றுகிறது.

ஆங்கிலேயர் காலத்தில் ஊவாவுக்கு இரும்பு வெளியிலிருந்து வந்தது. பழைய உள்ளூர் உலைகள் அதற்குள் அணைந்திருந்தன. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. பதுளை அதன் தலைநகர். புகைவண்டிப் பாதை 1893இல் அப்புத்தளைக்கும் அடுத்த ஆண்டில் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளைக்கு வந்து சேர 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தெமோதரைக்கு அருகே 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக நிற்கிறது. உலகப் போருக்கு உருக்கு திருப்பப்பட்டதால் அப்படிக் கட்டினார்கள் என்று ஊரார் சொல்லும் கதையை ஆவணமாகக் கொள்ள முடியாது. எப்படியிருந்தாலும், துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத ஒரு பாலம் ஊவாவுக்குக் கிடைத்தது.

மற்றவை அனைத்தும் இரும்பு. கொழுந்தை உருட்டும் இயந்திரம், உலர்த்தும் அடுப்பு, நீராவிக் கொதிகலன், ஆலையின் தூண்கள், உத்திரங்கள் என எல்லாம் கப்பலேறி வந்தன. 1890இல் அப்புத்தளைக்கு அருகே லிப்டன் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலை இன்றும் அந்தக் காலத்தின் சாட்சியாக நிற்கிறது. இவை எல்லாவற்றையும் விட அதிகப் பரப்பில் ஊவாவை மூடிய இரும்பு எது என்றால், நெளிதகரம். ஆலைக்கும் அதுவே கூரை, லயத்துக்கும் அதுவே கூரை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. அதன் தலைக்குமேல் வெயிலில் கொதித்து, மழையில் அலறி, புகையில் கறுத்து, கடைசியில் ஓட்டையாகிப் போனது அந்தத் தகரம். தகரத்தின் ஓட்டைக்குக் கீழே சட்டி வைத்து வளர்ந்தவர்கள் இன்று கனடாவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்குத் துருவைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இரும்புத் தகட்டை நெளிக்கும் முறைக்கு 1829இல் இங்கிலாந்தின் ஹென்றி பாமர் காப்புரிமை பெற்றார். அதன்மேல் நாகப் பூச்சு ஏற்றும் முறைக்கு 1837இல் பிரான்சில் சொரெல் உரிமை பெற்றார். (நாகம் என்று நாம் சொல்வதைத் தமிழகத்தார் துத்தநாகம் என்பர்.) இவ்விரண்டும் சேர்ந்ததே நம் நெளிதகரம். நாகம் இரும்பில் பற்ற வேண்டுமானால் இரும்பு மாசு மறுவற்று இருக்க வேண்டும். காய்ச்சி உருட்டிய தகட்டின்மேல் கருஞ்செதில் ஒன்று படிந்திருக்கும். அதை நீக்காமல் உருகிய நாகத்தில் முக்கினால் பூச்சு உரிந்து வந்துவிடும். செதிலை நீக்கும் எளிய வழி அமிலம். கந்தக அமிலத்தையோ ஐதரோகுளோரிக் அமிலத்தையோ நீரில் கலந்த தொட்டியில் தகட்டை அமிழ்த்தி எடுப்பார்கள். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்குவதை எண்ணிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே வேலைதான், ஆலை அளவில்.

ஆனால் அமிலத்துக்குச் செதில் எது, இரும்பு எது என்று பகுத்துப் பார்க்கத் தெரியாது. செதிலைத் தின்று முடித்த இடத்தில் இரும்பைத் தின்னத் தொடங்கும். இரும்பு கரையும்போது ஐதரசன் வாயு குமிழியிட்டு எழும். அந்தக் குமிழிகள் அமிலத்தைத் திவலைகளாகக் காற்றில் தூவும். தொட்டியருகே நிற்பவனுக்கு இருமலும் கண்ணெரிச்சலும். ஐதரசனில் ஒரு பகுதி உருக்குக்குள்ளேயே புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். தகடும் நட்டம், அமிலமும் நட்டம், ஆளும் நட்டம்.

இந்த நட்டத்தைக் குறைக்க அக்காலத் தொழிலாளர் கையாண்ட உபாயங்கள் சுவையானவை. தவிடு, மாவு, நொதி, வெல்லப்பாகுக் கழிவு, தாவர எண்ணெய், பசை இவற்றில் எது மலிவாகக் கிடைத்ததோ அதை அமிலத் தொட்டியில் போட்டார்கள். போட்டவுடன் குமிழிகள் அடங்கின. செதில் போயிற்று, இரும்பு தங்கியது. ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1872இல் இத்தாலியரான மரங்கோனியும் ஸ்டெஃபனெல்லியும் பசை, ஊன்பசை, தவிட்டுச் சாறு ஆகியவை அமிலத்தில் இரும்பைக் காப்பதைப் பதிவு செய்தனர். 1895இல் பால்ட்வின் என்பவர் வெல்லப்பாகையும் தாவர எண்ணெய்களையும் அமிலத் தொட்டியில் சேர்க்கும் முறைக்குப் பிரித்தானியக் காப்புரிமை பெற்றார். அரிப்புத் தடுப்பான்களின் வரலாற்றில் மிகப் பழைய காப்புரிமைகளில் ஒன்றாக அது எடுத்துக்காட்டப்படுகிறது. ஆக, தாவரக் கழிவால் உருக்கைக் காப்பது இந்த நூற்றாண்டின் பசுமைச் சிந்தனையில் பிறந்ததன்று. தகரக் கூரைகளைச் செய்த அதே பட்டறைகளில் பிறந்த கைவேலை அறிவு.

பிறகு அது ஏன் மறக்கப்பட்டது? எண்ணெய்க் கிணறுகள் ஒரு காரணம். 1932இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து எண்ணெய் ஊற்றைப் பெருக்க ஒரு கிணற்றுக்குள் ஐதரோகுளோரிக் அமிலத்தை இறக்கினார்கள். உருக்குக் குழாய் கரையாதிருக்க அதனுடன் சேர்த்தது ஆர்சனிக் கலவையை, அதாவது பாஷாணத்தை. வேலை அழகாக நடந்தது. அதைத் தொடர்ந்து செயற்கை வேதிப்பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அளந்து போடலாம், எப்போதும் ஒரே விளைவைத் தரும், கெட்டுப்போகாது. தவிடும் வெல்லப்பாகும் தொட்டியடியிலிருந்து விடைபெற்றன. பாஷாணமும் அதன் உறவினரும் ஆற்றில் கலந்தால் என்னவாகும் என்ற கேள்வி பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே உரத்து எழுந்தது. அப்போதுதான் விஞ்ஞானிகள் மறுபடியும் இலையையும் பட்டையையும் தேடிப் போனார்கள்.

இலையிலும் பட்டையிலும் அப்படி என்ன இருக்கிறது? துவர்ப்பு. வேதியியலார் டானின் என்றும் பொலிபீனோல் என்றும் அழைக்கும் பொருள்களின் சுவை அது. அவற்றுக்கும் இரும்புக்கும் உள்ள ஈர்ப்பைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். கடுக்காயை ஊறவைத்து அன்னபேதி சேர்த்தால் கறுப்பு மை. கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியிலுள்ள இரும்பும் கூடிப் பிறக்கும் கருமை அது, எளிதில் அழியாது. ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஈரத்தோலின்மேல் இரும்பு பட்டால் கறை விழும் என்பது சிறுவனுக்கும் தெரியும். தேயிலையோ துவர்ப்பின் களஞ்சியம். கொழுந்தின் உலர்எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொலிபீனோல்களே.

இந்த உறவு களவுக்கும் பயன்பட்டிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேயிலைக்குக் கடும் வரி இருந்தபோது, ஏதோ ஒரு மரத்தின் இலையைக் காயவைத்து, மிதித்து நொறுக்கி, ஆட்டுச்சாணமும் அன்னபேதியும் கலந்த நீரில் ஊறவைத்துத் தேயிலை என்று விற்றார்கள். இலண்டன் தேயிலை வணிகர் ரிச்சர்ட் ட்வைனிங் 1785இல் இந்த மோசடியைச் செய்முறையோடு அம்பலப்படுத்தி எழுதினார். இலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்ற அதே கடுக்காய் மை வித்தைதான்.

தேயிலை ஆலைக்காரருக்கு இது எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிந்திருந்தது. நசுங்கிய கொழுந்தின் சாறு வெற்றிரும்பில் பட்டால் தேயிலையின் நிறம் கெடும். ஆகவே உருட்டும் மேசைகளுக்கு மரமும் பித்தளையும் இட்டார்கள். பின்னாளில் துருப்பிடிக்காத உருக்கு வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்கள் கறுப்பதற்கு இரும்பு காரணமன்று. கிள்ளிய காம்பின் சாறு காற்றில் கறுத்துத் தோலில் ஏறுவது அது. ஆயினும் பொருள் அதே பொருள்தான். எந்தச் சோப்புக்கும் எளிதில் போகாத அந்தக் கறையை ஊவாவில் எத்தனையோ கைகளில் பார்த்திருக்கிறேன். பரப்பில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்னும் குணத்துக்கு அதைவிட நல்ல விளக்கப்படம் கிடைக்காது.

அமிலத்தில் நடப்பதும் ஒட்டிக்கொள்வதுதான். இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். துருவேறிய இரும்பின்மேல் டானின் கரைசலைப் பூசினால் துரு கருநீலப் படலமாக மாறும். ‘துரு மாற்றி’ என்று கடைகளில் விற்கும் திரவங்கள் பலவற்றின் அடிப்படை அதுவே. பழைய நீராவி எந்திரங்களின் கொதிகலன் நீரில் டானின் சேர்த்தார்களே, பிரான்சில் லூயி அர்மாண்ட் அதை ஒரு முறையாகவே வகுத்தாரே, அது வேறு. அந்த நீர் காரத்தன்மை உடையது. வலிய அமிலத்துக்குள் கருநீலப் படலம் நிலைக்காது. அங்கே தேயிலையின் கட்டெகின் போன்ற மூலக்கூறுகள் வெற்றிரும்பின் பரப்பில் போய் ஒட்டிப் படிந்து, அமிலம் வந்து தொடும் இடங்களை அடைத்துக்கொள்கின்றன. மழைக்கு ஒதுங்கியவர்கள் திண்ணையை நிறைத்துவிட்டால் பின்னால் வருபவருக்கு இடமில்லாது போவதைப் போல. சாறு கூடினால் காப்பும் கூடும். ஓர் அளவுக்குமேல் திண்ணையில் இடமிராது, கூட்டிப் பயனில்லை. வெப்பம் ஏறினால் பலவேளைகளில் மூலக்கூறுகள் பிடிவிட்டுக் கழன்றுபோகும்.

ஆய்வுகளின் பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எகிப்தியர் முன்னோடிகள். எல் ஹொசாரியும் தோழர்களும் 1972இல் புளிச்சைப் பூச்சாற்றை அலுமினியத்துக்கும் நாகத்துக்கும் சோதித்தார்கள். பத்தாண்டு கழித்து அந்நாட்டு ஆய்வாளர்களே மாம்பழத்தோல், தோடம்பழத்தோல் சாறுகள் அமிலத்தில் உருக்கைக் காப்பதை வெளியிட்டனர். பிரேசில் கோப்பி குடிக்கும் நாடல்லவா? அங்குள்ளோர் 2011இல் வடித்தெடுத்த கோப்பித் தூளின் சக்கையை எடுத்துக்கொண்டார்கள். மலேசியாவில் பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஃபிடா ரஹீம் குழுவினர், கரி சுடுவோர் உரித்தெறியும் கண்டல் மரப்பட்டையின் டானின் அமிலத்தில் உருக்கைக் காப்பதை 2007இல் காட்டினர். 2012இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு தேயிலைக்கே வந்துவிட்டது. பச்சைத் தேயிலைச் சாற்றின் கட்டெகின்கள் ஐதரோகுளோரிக் அமிலத்தில் மென்னுருக்கை எவ்வாறு காக்கின்றன என்பதை அது விளக்கியது.

ஊவாவோடு தொடர்புடைய ஒரு வழி தமிழ்நாட்டுக்கும் போகிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பியோர் என்ற முத்திரையோடு கப்பலேற்றப்பட்டவர்களில் ஊவாத் தோட்டத்து மக்களும் இருந்தனர். அவ்வாறு வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. ஆக அங்கும் அதே கைகள், அதே தேயிலை, அதே கழிவு. அந்தத் தமிழ்நாட்டில்தான் உலோக அரிப்பை ஆராயும் பெரிய நிறுவனமொன்று இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைச் சொல்கிறேன். திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் பாண்டியன் போதி ராஜாவும் சேதுராமனும் ஊமத்தையையும் மிளகையும் ஆராய்ந்தார்கள். கந்தக அமிலத்தில் மிளகுச் சாறு மென்னுருக்கைக் காப்பதை 2008இல் வெளியிட்டார்கள். இயற்கைப் பொருள்களால் அரிப்பைத் தடுப்பது பற்றி அதே ஆண்டு அவர்கள் எழுதிய தொகுப்புரை உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. போதி ராஜா பின்னாளில் மலேசியாவில் அஃபிடா ரஹீம் குழுவோடும் பணியாற்றினார். கிராமப் பொருளாதாரத்துக்காகக் காந்தியவாதிகள் நிறுவிய ஒரு வளாகத்திலிருந்து இந்த ஆய்வு வந்தது பொருத்தமே.

இவ்வளவும் இருந்தும், அமிலத் தொட்டி வைத்திருக்கும் பட்டறைக்காரரிடம் போய்த் தேயிலைச் சாறு பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். காகிதத்தில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு காப்பு. சந்தையில் ஒரு பீப்பாய் காண்பது அரிது. இதற்கு ஆய்வாளர் மேலும் ஓரளவு பொறுப்பு உண்டு என்பது என் கருத்து. ஒரு செடியை எடு, சாறு வடி, மெருகிட்ட சிறு தகட்டை நிறுத்துப் பார், அமிலத்தில் போடு, சில மணி நேரம் கழித்து மறுபடியும் நிறு, கட்டுரை எழுது. செடியை மாற்று, மறுபடியும் எழுது. இந்தச் சக்கரத்தில் சுற்றுவோர் பலர். ஒரே செடியின் சாற்றை ஆறு மாதம் பீப்பாயில் வைத்துப் பூஞ்சணம் பிடிக்கிறதா என்று பார்ப்போர் சிலர். இரும்புக் கரைசலும் அழுக்கும் நிறைந்த உண்மையான பட்டறைத் தொட்டியில், 60 பாகை வெப்பத்தில், நாள் முழுதும் தகடுகள் இறங்கி ஏறும்போது சாறு தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்போர் அதனினும் சிலர். தொழிலாளி தவிட்டைத் தொட்டியில் கொட்டியபோது அவனுக்கு இருந்த ஒரே சோதனைச்சாலை உண்மையான தொட்டிதான். அதனால் அவன் அறிவு உடனே தொழிலாயிற்று.

கழிவுத் தேயிலைக்கு மற்றொரு தடையும் உண்டு. அதைக் கழிவு என்று நாம் சொன்னாலும், சட்டத்தின் கண்ணுக்கு அது சந்தேகப் பொருள். தண்டு, நார், பஞ்சு, கூட்டிப் பெருக்கிய தூள் ஆகியவை ஆலையில் மிஞ்சுபவை. அவற்றை நல்ல தூளோடு கலந்து விற்கும் மோசடி பழையது, இன்றும் ஓயாதது. எனவே 1957ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கழிவுத் தேயிலைக்கென்றே விதிகள் வந்தன. இந்தியாவிலும் 1959இல் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. குடிப்பவரின் நலனைக் காக்க இவை தேவை என்பதில் ஐயமில்லை. அதேவேளை, சிறு கைத்தொழில் தொடங்க விரும்பும் ஒருவர் கழிவுத் தேயிலையை மூடை மூடையாக வாங்கி வைத்தால் முதலில் வாசலுக்கு வருபவர் வாடிக்கையாளராக இருக்க மாட்டார். நாளிதழ்களில் கழிவுத் தேயிலை என்ற சொல் அடிபடும் இடம் பெரும்பாலும் வணிகப் பக்கமன்று. பொலிஸ் செய்திப் பக்கம். அந்தச் செய்திகள் பலவற்றை நானே திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அவ்வாறு பிடிபட்ட தூளை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று கேட்டு ஒரு செய்தி வந்ததாக நினைவில்லை.

பயன்கள் முற்றாக இல்லாமலில்லை. கஃபீன் பிரித்தெடுக்க ஒரு பகுதி போகிறது; பசளையாக ஒரு பகுதி போகிறது. கஃபீன் எடுப்பவர் வேண்டுவது கஃபீனை. துவர்ப்பு அவருக்குத் தொல்லை. இரும்பைக் காக்க வேண்டுவதோ முக்கியமாக அந்தத் துவர்ப்பு. தண்டிலும் நாரிலும் அது கொழுந்தளவு இராது என்பது உண்மையே. குடிக்கும் தேநீருக்குக் குறையாகும் இந்த அளவு, அமிலத் தொட்டிக்குக் குறையாகுமா என்பதே சோதித்தறிய வேண்டியது. வெந்நீரில் வடித்தெடுக்க ஆடம்பரமான இயந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. தேநீர் போடத் தெரிந்த நாடு நம் நாடு.

வாங்குவோர் யார் என்று கேட்கலாம். தகட்டுக்கும் கம்பிக்கும் நாகம் பூசுவோர் முதலாவது. கொதிகலன் வைத்திருக்கும் எந்த ஆலைக்கும் உள்ளே படியும் சுண்ணாம்புப் படிவை அவ்வப்போது அமிலம் விட்டுக் கழுவ வேண்டியிருக்கிறது. அப்போதெல்லாம் அரிப்புத் தடுப்பான் தேவை. இலங்கையில் ஆண்டுக்கு 25 கோடி கிலோவுக்கு மேல் தேயிலை உற்பத்தியாகிறது. அதில் கழிவாக ஒதுங்குவது நூற்றில் ஒருசில பங்கு என்றே வைத்துக்கொண்டாலும் இலட்சக்கணக்கான கிலோக்களில் அமையும். மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

ஊவாவில் இதைச் செய்யும் இடம் இல்லையா என்றால், இருக்கிறது. பதுளையில் 2005இல் உருவான ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் ஒரு பட்டப்படிப்பாகவே இருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாக் கிளை பசறையில் இருக்கிறது. இரண்டும் மடுல்சீமைக்குப் போகும் பதுளை–பசறைப் பாதையிலேயே அமைந்தவை. லயத்துப் பிள்ளைகள் சிலர் இன்று அந்தப் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்கிறார்கள். அவர்களின் பாட்டிமாருக்கு விரற்கறையாகத் தெரிந்த பொருளை அவர்கள் கண்ணாடிக் குடுவையில் பார்க்கிறார்கள். அவர்களுள் ஒருவர் இதை எடுத்துக்கொள்வாராயின், மற்றொரு ‘தொண்ணூறு விழுக்காடு’ கட்டுரையை நான் கேட்க மாட்டேன். வறட்டுக் காற்று வீசும் ஊவாப் பருவத்துக் கழிவும், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்துக் கழிவும் ஒரே அளவில் உருக்கைக் காக்கின்றனவா? மழைக்காலத்தில் துவர்ப்பு குறைந்தால் எவ்வளவு கூட்டிப் போட வேண்டும்? வடித்த சாறு எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? உருக்குக்குள் ஐதரசன் புகுவதையும் அது தடுக்கிறதா, அல்லது குமிழியை மட்டும் அடக்குகிறதா? பட்டறைக்காரர் கேட்கப்போகும் கேள்விகள் இவை. இவற்றுக்கு விடை காண வேண்டியவை ஓராண்டுக் காலம், நல்ல தராசு ஒன்று, பட்டறைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய அமிலம், மாதந்தோறும் ஒரே ஆலையிலிருந்து ஒரு சாக்குக் கழிவுத் தேயிலை, அதை ஏற்றிச் செல்ல முறையான அனுமதிச் சீட்டு.